வேதவல்லியின் அறை

"ஆறு வருஷத்துல ஏழு கட்டடம் எழுப்பியிருக்கேன் டீச்சர். ஒருத்தராவது நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? கையில கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்காங்க. நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

வந்ததும் வராததுமாகத் துணைவேந்தர் தெய்வசிகாமணி இதைக் கேட்டார்.

நாச்சியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரும்படி கையைக் காட்டினார்.

துணைவேந்தர் உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் சிஷ்யருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு ஐம்பத்து நான்கு. அதோடு, ஒரு காலத்தில் தெய்வசிகாமணிதான் நாச்சியாருக்குக் கணக்கு வாத்தியார். நாச்சியார் முன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

மனைவி இறந்த பிறகு தெய்வசிகாமணிக்குத் தூக்கம் போயிற்று. அவருடைய பழைய மாணவி ஒருவர் கல்லூரி வேலையை விட்டுவிட்டுக் கால்வாய்க் கரையில் இருக்கிறார், அவர் எதிரே சும்மா உட்கார்ந்தாலே மனசு அடங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். போனார். அடங்கியது. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறார். ஊரைப்போல அவரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். நாச்சியார் மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் 'சார்' என்பார்.

"வெள்ளிக்கிழமை தர மதிப்பீட்டுக் குழு வருது. அன்னைக்கே ஒன்பது மாடிக் கட்டடத்தையும் திறக்கிறோம். நீங்க வந்து விளக்கு ஏத்தணும் டீச்சர்."

"வேற என்ன சார்?"

தெய்வசிகாமணி கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். எடுத்தவர் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"விலங்கியல்ல சிந்தாமணின்னு ஒரு கௌரவ விரிவுரையாளர். பதினாறு வருஷமா இருக்காங்க. ஒழுங்கீனம்னு அவங்களை நீக்குற உத்தரவு இது. குழு வர்றதுக்குள்ள அந்தம்மா வெளியே போகணும். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாலு நாளா பேனாவை எடுக்கிறேன், வைக்கிறேன்."

"என்ன தப்பு பண்ணினாங்க?"

"ஒரு சின்ன உதவி கேட்டோம். குழு இருக்கிற ரெண்டு நாளும் புதுக் கட்டடத்துல ஒரு அறையில உட்காரணும். அவ்வளவுதான். முடியாதுன்னு கடிதம் எழுதிக் கொடுத்துட்டாங்க. அதுவும் என் பேருக்கே."

"அறையில உட்காரச் சொன்னா யாராவது மாட்டேன்னு சொல்வாங்களா சார்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்!"

நாச்சியார் கீரைக் காம்புகளை ஒதுக்கினார்.

"டீச்சர், நீங்களும் அவங்க பக்கமா? நான் ஒழுகுற கூரைக்குக் கீழே பாடம் எடுத்தவன். உங்களுக்குத் தெரியும். மழை வந்தா கரும்பலகையில எழுதினது அப்படியே வழிஞ்சு போகும்."

"தெரியும் சார். குடையைப் பிடிச்சுக்கிட்டே நோட்டுல எழுதியிருக்கேன்."

"என்னைக்காவது அதிகாரம் கைக்கு வந்தா ஒரு பிள்ளைகூட நனையக் கூடாதுன்னு அன்னைக்கே நினைச்சேன். அப்ப ரெண்டாயிரம் பேர் படிச்சாங்க. இப்ப ஒன்பதாயிரம். கட்டடம் இல்லாம எங்க உட்கார வைக்கிறது?"

"கட்டடம் வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?"

"ஆளைப் போடுங்க, ஆளைப் போடுங்கன்னு கத்துறாங்க. கட்டடத்துக்குக் கேட்டா கொடுக்க ஆள் வருது. கல்வெட்டுல பேர் வரும்னு ஓடி வர்றாங்க. ஒரு வாத்தியாரைப் போடணும்னு கேட்டுப் பாருங்க, போனை எடுக்க மாட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?"

இது பொய்யில்லை. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வருஷத்தை ஓட்டியிருந்தார்.

நாச்சியார் எழுந்து கையைக் கழுவினார்.

"விளக்கு ஏத்துறதுக்கு முன்னால கட்டடத்தைப் பார்க்கணும் சார். நாளன்னைக்கு வர்றேன்."

"இந்த உத்தரவு?"

"அதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

வியாழக்கிழமை காலை நாச்சியார் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கௌரவ விரிவுரையாளர்கள் பதினைந்து இருபது பேர் கையில் கறுப்புத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் வந்து உட்காருவதும், மணி அடித்தால் எழுந்து வகுப்புக்கு ஓடுவதும், முடிந்ததும் திரும்பி வந்து உட்காருவதுமாக அவர்கள் போராட்டம் நடந்தது. தாங்கள் போகாவிட்டால் பாடம் நடத்த வேறு ஆளில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் ஒழுங்கீனம் என்று ஒருவர் தாள் அடித்து வைத்திருந்தார்.

தெய்வசிகாமணியும் பதிவாளரும் எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். உள்ளே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுபது பிள்ளைகள் தரையில். நடுவில் ஒரு பெண், குரலை உயர்த்தி மண்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஒரு பக்கமாகச் சரிந்து வர, பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் நகர்ந்தார்கள்.

நாச்சியார் நின்றார்.

"இதுதான் சிந்தாமணியா?"

"ஆமா," என்றார் தெய்வசிகாமணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"எதிரே ஒன்பது மாடி சும்மா நிக்குதே. ஏன் இங்கே?"

கூட வந்த பதிவாளர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "குழு வர்ற வரைக்கும் தரை அழுக்காகக் கூடாதும்மா. இத்தாலிக் கல்லு."

நாச்சியார் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சிந்தாமணியிடம் போனார்.

"உங்க அறை எது?"

"அறையா?" சிந்தாமணி சிரித்தார். "பழைய கட்டடத்துல மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை இருக்கு டீச்சர். நாலு பேர் மாத்தி மாத்தி உட்காருவோம்."

"பதினாறு வருஷமாவா?"

"முதல் ரெண்டு வருஷம் மேசை கிடையாது."

துணைவேந்தரைப் பார்த்துச் சிந்தாமணி வணக்கம் சொன்னார். அவர் தலையை அசைத்தார். கைப்பையை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஒன்பது மாடிக் கட்டடத்தின் வாசலில் காவலாளி எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். துணைவேந்தரும் கழற்றினார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. லிஃப்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் தேக்குக் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் பித்தளையில் ஒரு பெயர்ப்பலகை.

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது. "எப்படி டீச்சர்?"

"நல்லா இருக்கு சார். உள்ளே இருக்கிறவங்களைப் பார்க்கலாமா?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் நாச்சியார் முதல் கதவைத் தட்டிவிட்டார்.

இரண்டு தட்டு. ஒரு அடி பின்வாங்கிக் கைகட்டி நின்றார். பெரியவர்கள் அறைக்கு முன்னால் மாணவர்கள் நிற்பதுபோல.

யாரும் திறக்கவில்லை.

"இவர் ரிட்டையர் ஆகிட்டார்," என்றார் பதிவாளர். "கோயம்புத்தூர்ல மகன் வீட்ல இருக்கார்."

நாச்சியார் அடுத்த கதவைத் தட்டினார். நின்றார்.

"இவர் மஸ்கட் போய் மூணு வருஷம் ஆச்சு."

அடுத்த கதவு.

"இவங்க நீண்ட விடுப்பு. வருவாங்கன்னு தோணல."

அடுத்தது. அதற்கடுத்தது. பதிவாளர் ஊர் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு தளம் முடிந்தது. நாச்சியார் படியேறினார். மறுபடி தட்டினார், மறுபடி நின்றார். அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு கதவுக்கும், உள்ளே ஒரு மனிதர் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கொடுத்தார்.

"டீச்சர்," என்றார் தெய்வசிகாமணி பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரும் இல்லைன்னு தெரியுதுல்ல? எதுக்குத் தட்டுறீங்க?"

"பேர் போட்டிருக்கு சார். தட்டாம போனா மரியாதை இல்ல."

"குழுவுக்குப் பட்டியல் காட்டணும். இருநூறு இடம் இருக்கு, அறுபது பேர்தான் மிச்சம். பலகையை வெறுமையா விட முடியுமா? எல்லா இடத்துலயும் செய்றதுதான்."

நாச்சியார் மூன்றாவது தளத்துக்குப் போனார். விலங்கியல்.

நான்காவது கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

முனைவர் ப. வேதவல்லி, பேராசிரியர்.

இந்த ஊரில் வேதவல்லியைத் தெரியாதவர்கள் கிடையாது. தவளையை அறுக்காமலே விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். குளம் குளமாகப் பிள்ளைகளை அழைத்துப் போனவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது மயங்கி விழுந்தார். பிறகு எழவில்லை. அவர் இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. அவருடைய ஐந்து பாடங்களையும் சேர்த்து எடுப்பது அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த சிந்தாமணிதான்.

நாச்சியார் கதவைத் தட்டினார்.

"வேதவல்லி, நான்தான். நாச்சியார்."

பதிவாளரின் உற்சாகம் அடங்கிப்போயிற்று.

"வேதவல்லி."

"டீச்சர், வேண்டாம்," என்றார் தெய்வசிகாமணி.

"வெளியே போயிருக்காங்களா சார்?"

"அவங்க தவறிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மயானம் வரைக்கும் நான் கூட வந்தேன். நீங்களும் வந்தீங்க. அழுதீங்க."

தெய்வசிகாமணி சுவரில் சாய்ந்தார்.

"வெள்ளிக்கிழமை இந்த அறையில யார் உட்காரணும்னு சொன்னீங்க?"

தெய்வசிகாமணி பதிவாளரைப் பார்த்தார்.

"சிந்தாமணியா?"

"ரெண்டே நாள்தான் டீச்சர்."

"உட்கார்ந்து?"

"கேட்டா..." அவர் குரல் இறங்கியது. "கேட்டா வேதவல்லின்னு சொல்லணும்."

நாச்சியாருக்குக் கண் சிவந்துவிட்டது. குரு கோபப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இதற்குக் கோபப்படாத ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தன்னை வளர்த்துவிட்டவளின் நாற்காலியில் உட்கார்ந்து, நான்தான் அவள், செத்துப்போகவில்லை என்று ஒருத்தி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை இல்லை. இதற்குப் பெயர் சின்ன உதவி!

"அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருந்தாங்க சார்?"

"'என் ஆசிரியர் இறந்துவிட்டார். அவர் பெயரை என்னால் சொல்ல முடியாது.' இவ்வளவுதான்."

"இதுதான் ஒழுங்கீனமா?"

"நான் என்னதான் செய்ய முடியும்?" தெய்வசிகாமணி கத்தினார். காலி நடைபாதையில் அது இரண்டு தடவை கேட்டது. "மதிப்பெண் குறைஞ்சா அடுத்த கட்டடத்துக்கு அனுமதி கிடைக்காது! ஒரு ஆள் முரண்டு பிடிச்சா நாளைக்கு எல்லாரும் பிடிப்பாங்க! எனக்கு வேற வழி இல்ல!"

நாச்சியார் அவரைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

நான்காவது தளம் கணிதம்.

முதல் கதவு. இரண்டு தட்டு. காத்திருந்தார். இரண்டாவது கதவு. மூன்றாவது கதவு.

கடைசிக் கதவைத் தட்டியபோது, கோபத்தோடு பின்னால் வந்துகொண்டிருந்த தெய்வசிகாமணி பலகையைப் பார்த்துவிட்டார்.

முனைவர் சு. தெய்வசிகாமணி, மூத்த பேராசிரியர்.

"இது யார் மாட்டினது?"

பதிவாளர் தலையைச் சொறிந்தார். "கணிதத்துக்கு நாலு பேராசிரியர் காட்டணும் ஐயா. மூணு பேர்தான் தேறினாங்க. ஐயாவும் கணிதம்தானே."

"நான் குழுவோட இருக்கும்போது இங்கே எப்படிய்யா இருப்பேன்?"

"குழு ரெண்டா பிரிஞ்சு போகும் ஐயா. ஒரு பாதி உங்களோட ஒன்பதாவது மாடியில இருக்கும். மத்த பாதி இங்கே வரும். அவங்க ஐயாவைப் பார்த்ததில்ல. ஒரு ஆளை ஏற்பாடு பண்ணியாச்சு."

"என் பேர்ல இன்னொருத்தனா?"

"ரெண்டே நாள்தான் ஐயா."

"என்னைக் கேக்காமலா? நான் உயிரோட இருக்கும்போதா? அறிவு இருக்காய்யா உமக்கு? ஒரு மனுஷன் பேருன்னா விளையாட்டா?"

சொல்லி முடித்தவர் நாச்சியாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

நாச்சியார் மறுபடியும் கதவைத் தட்டினார்.

"தெய்வசிகாமணி சார்."

"இங்கே நிக்கிறேனே டீச்சர்."

"நான் தேடுறது எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரை. குடை பிடிச்சுக்கிட்டாவது அவர் வகுப்புக்குப் போகணும்னு தோணும். உள்ளே இருக்காரா?"

அவர் பலகையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப சார் வகுப்பு எடுத்தீங்க?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

நாச்சியார் பதிவாளரிடம் திரும்பினார். "இவருக்குப் பதிலா உட்காரப் போறவர் யாரு?"

"ஜெபமணின்னு ஒரு கௌரவ விரிவுரையாளர் அம்மா. பன்னிரண்டு வருஷமா கணக்குப் பாடம் எடுக்கிறான். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கூட்டத்துல அவனும் ஒருத்தன். ஆனா சொன்னா கேப்பான். சிந்தாமணி கதியை நினைச்சுப் பாருன்னேன், சரின்னுட்டான்."

"கூப்பிடுங்க."

ஜெபமணி வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள், அதற்கு மேல் கறுப்புத் துணி. மூன்று பேரையும் பார்த்ததும் துணியை அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும்," என்றார் நாச்சியார். "உள்ளே போய் நாற்காலியில உட்காருங்க."

ஜெபமணி பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் எங்கேயும் பார்க்கவில்லை.

ஜெபமணி உட்கார்ந்தார். புது நாற்காலி பின்னால் சாய்ந்தது. பயந்துபோய் நுனிக்கு வந்தார்.

நாச்சியார் தெய்வசிகாமணியிடம் கை நீட்டினார்.

"அந்த உத்தரவு சார்."

அவர் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இவர் கேட்டு நாச்சியார் நோட்டைக் கொடுத்ததுபோலக் கொடுத்தார்.

நாச்சியார் தாளை மேசையில் வைத்தார். பேனாவையும் வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்து வேணும் சார்," என்றார் ஜெபமணியிடம்.

ஜெபமணி படித்தார். சிந்தாமணியின் பெயர் வந்த இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த மேசையில் முறைவைத்து உட்கார்ந்த நாலு பேரில் இவரும் ஒருவர்.

"இது... துணைவேந்தர் கையெழுத்துப் போடுற இடம்."

"ஆமா."

கீழே கொட்டகையிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எதையோ சொல்லும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி லேசாகக் கேட்டது.

ஜெபமணி பேனாவைத் தள்ளி வைத்தார். தாளை நாலாக மடித்தார். மடிப்போடு சரியாகக் கிழித்தார்.

"மாட்டேன்," என்றார்.

பதிவாளர் பாய்ந்தார். "டேய்! என்ன துணிச்சல்? மாட்டேன்னு சொல்ல நீ யாருடா?"

ஜெபமணி எழுந்திருக்கவில்லை. இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வாசலில் நின்ற துணைவேந்தரை நேராகப் பார்த்தார்.

"தெய்வசிகாமணி," என்றார்.